பேரனின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கா நெகாரா’: ஜெனீவாவுக்கு எழுதினால் பலன் உண்டா?

கேள்வி: வணக்கம். நான் 1960இல் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது பினாங்கின் நிபோங் திபாலில் வசிக்கிறேன். என் மகன் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வேலை அனுமதியில் வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கோயிலில் தாலி கட்டி மணந்தான். பதிவுத் திருமணம் செய்யவில்லை. பேரன் இங்கே அரசாங்க மருத்துவமனையில்தான் பிறந்தான். அவனுக்கு ஒன்றரை வயதானபோது ஊருக்குப் போன மருமகள் திரும்பவில்லை. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கிருந்தபடியே வேறு திருமணமும் செய்துகொண்டான். பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். பேரனுக்கு இப்போது ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயரும் அதன் கீழே ஒரு கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணும் இருக்கின்றன, ஆனால் குடியுரிமை என்ற இடத்தில் ‘புக்கான் வார்கா நெகாரா’ (குடிமகன் அல்லர்) என்று போட்டிருக்கிறது. பள்ளியில் ஆண்டுதோறும் கடப்பிதழ் கேட்கிறார்கள். போன ஆண்டு டெங்கியில் விழுந்தபோது மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் போட்டார்கள். இந்த மண்ணில் பிறந்தவன் எப்படி வெளிநாட்டவன் ஆவான்? மலேசியா ஐக்கிய நாட்டுச் சபையின் குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்திருப்பதாகவும், ஜெனீவாவுக்கு எழுதினால் தீர்வு கிடைக்கும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எழுதலாமா? ஓர் ஏஜெண்டு வேறு, தமக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் பிள்ளையாகப் பதிந்து புதிய பத்திரம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். பேரன் போன வாரம், “பாட்டி, நான் எந்த நாடு?” என்று கேட்டான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நிபோங் திபால்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் மிக அவசரமானது கடைசிக்கு முந்தைய செய்திதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஏஜெண்டிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பேரனின் பிறப்புப் பத்திரத்தின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். வேறொரு தம்பதிக்குப் பிறந்த பிள்ளை என்று பொய்யாகப் பதிவது குற்றம். அதைவிட முக்கியமாக, இன்று உங்கள் பேரனுக்கு ஓர் உண்மையான பத்திரம் இருக்கிறது, அந்தப் பொய்ப் பதிவு வந்தால் அவனுக்கு இரண்டு பிறப்புகள் இருப்பதாக ஆகிவிடும். ஜார்ஜ் டவுனில் குடும்ப வழக்குகளையும் குடியுரிமைக் கோப்புகளையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். என் மேசைக்கு வந்தவற்றுள் மீட்க மிகக் கடினமாக இருந்தவை, பத்திரமே இல்லாத பிள்ளைகளின் கோப்புகள் அல்ல. நல்லெண்ணத்தோடு பெரியவர்கள் எழுதி வைத்த பொய்ப் பத்திரங்களோடு வளர்ந்து, பன்னிரண்டு வயதில் மைகாட் என்னும் அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் பிடிபட்ட பிள்ளைகளின் கோப்புகள்தாம்.

‘இந்த மண்ணில் பிறந்தவன் எப்படி வெளிநாட்டவன்’ என்ற கேள்வியை நம் சமூகத்தில் உங்கள் தலைமுறையினர் அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்குப் பிறகும் 1962 அக்டோபருக்கு முன்பும் கூட்டரசில் பிறந்தவர்களுக்கு, பிறந்த ஒரே காரணத்தால் குடியுரிமை கிடைத்தது. 1960இல் பிறந்த நீங்கள் அந்தச் சிறிய காலத்துக்குள் வருகிறீர்கள். அதன் பிறகு விதி மாறிவிட்டது. இங்கே பிறந்திருப்பதோடு, பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று, உங்கள் பேரன் பிறந்த காலத்தில் நடப்பிலிருந்த அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொன்னது. உங்கள் மகன் குடிமகன்தானே, பிறகென்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். தடை இதே அரசியலமைப்பின் இன்னொரு மூலையில், இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பகுதியில், 17ஆம் பிரிவாக இருக்கிறது. பெற்றோர் சட்டப்படி மணம் செய்துகொள்ளாத நிலையில் பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை, ‘தந்தை’ என்றோ ‘பெற்றோரில் ஒருவர்’ என்றோ வரும் இடங்களைத் ‘தாய்’ என்றே படிக்க வேண்டும் என்பது அதன் பொருள். கோயிலில் கட்டிய தாலி உங்களுக்கும் ஊருக்கும் திருமணம்தான்; ஆனால் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் பார்வையில், அதற்குப் பின் நடந்து பதிவாகாத முஸ்லிம் அல்லாதார் சடங்குத் திருமணம் திருமணமாகாது. ஆகவே சட்டம் உங்கள் மகனைத் தாண்டிச் சென்று, தாயின் குடியுரிமையை மட்டும் பார்த்திருக்கிறது.

அவர்கள் ஏன் பதிவு செய்யவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பதில் எனக்குத் தெரிந்ததாகவே இருந்திருக்கும். தற்காலிக வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர் இங்கே திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. பதிவு செய்யப் போயிருந்தால் உங்கள் மருமகள் வேலையை இழந்து ஊருக்கு அனுப்பப்பட்டிருப்பார். தொழிலாளரைக் கட்டுப்படுத்த எழுதிய ஒரு குடிநுழைவு நிபந்தனையும், திருமணத்தை ஒழுங்குபடுத்த எழுதிய ஒரு குடும்பச் சட்டமும், அரசியலமைப்பின் ஒரு பொருள்விளக்கப் பிரிவும் தனித்தனியாகத் தத்தம் வேலையைச் செய்ய, அவை மூன்றும் சேர்ந்த சுமை, எதிலும் கையொப்பமிடாத ஒரு குழந்தையின் மேல் விழுந்திருக்கிறது. குழந்தைகளின் உரிமையைக் காக்கும் அரசாங்கக் கொள்கை என்றால் இந்த மூன்றையும் ஒருசேரப் பார்ப்பதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் பார்க்கும் பொறுப்பு இன்றுவரை எந்த ஒரு மேசைக்கும் தரப்படவில்லை.

‘அப்படியானால் மகனும் அந்தப் பெண்ணும் இப்போது பதிவு செய்துகொண்டால்?’ என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். மகன் வேறு திருமணத்தைப் பதிவு செய்துவிட்டதால் அந்த வழி எப்படியும் இல்லை. இருந்திருந்தாலும், பிறப்புக்குப் பின் நடக்கும் பதிவு குடியுரிமையைத் தானாகக் கொண்டு வராது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர், பிள்ளை அந்த நாட்டில் பிறந்த பிறகு பெற்றோர் முறைப்படி மணந்துகொண்டார்கள். ஆயினும் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அப்பிள்ளைக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அப்பிள்ளையின் பக்கம் நின்றார்கள் என்பதை நான் மறப்பதில்லை, ஆனால் சட்டமாக நிற்பது மற்ற நால்வரின் தீர்ப்பு.

இன்னொரு கதவையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பிறந்து, பிறப்பால் வேறெந்த நாட்டின் குடியுரிமையையும் அடையாத பிள்ளை மலேசியக் குடிமகன் என்று அதே இரண்டாம் அட்டவணை சொல்கிறது. நாடற்ற பிள்ளைகளுக்காக வாதாடும்போது நாங்கள் முதலில் தட்டுவது இந்தக் கதவைத்தான். 2021 நவம்பரில், பெற்றவர் யாரென்றே தெரியாமல் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கூட்டரசு நீதிமன்றம் குடியுரிமையை உறுதிசெய்ததும் இந்தப் பகுதியை ஒட்டித்தான். உங்கள் பேரனுக்கு இது திறப்பது கடினம். இந்தோனேசியாவின் 2006ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, முறைப்படியான திருமணத்துக்கு வெளியே இந்தோனேசியத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை இந்தோனேசியக் குடிமகன். ஆகவே, அந்த நாட்டில் ஒரு நாளும் கால் வைக்காமல், அந்த நாட்டின் ஒரு தாளும் கையில் இல்லாமல், உங்கள் பேரன் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் இந்தோனேசியன். அவனை ‘நாடற்றவன்’ என்று எழுதி விண்ணப்பித்தால் தேசியப் பதிவிலாகா இந்தச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பும். அதே காரணத்துக்காக, ‘தாய் யாரென்று தெரியாது’ என்று எழுதச் சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள்; பத்திரத்திலேயே அவர் பெயர் இருக்கும்போது அது பொய் வாக்குமூலமாகும்.

இனி ஜெனீவாவுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை. குழந்தை உரிமைகள் பற்றிய ஒப்பந்தத்தை ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை 1989 நவம்பர் 20இல் ஏற்றது. மலேசியா 1995 பிப்ரவரியில் அதில் சேர்ந்தது. அதன் 7ஆம் விதி, குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யப்பட வேண்டும், பெயருக்கும் நாட்டுரிமைக்கும் அதற்கு உரிமை உண்டு, இயன்றவரை தன் பெற்றோரை அறியவும் அவர்களால் வளர்க்கப்படவும் உரிமை உண்டு என்கிறது. உங்கள் பேரனுக்காகவே எழுதியதைப் போல இருக்கிறது, இல்லையா? ஆனால் சேரும்போதே மலேசியா பல விதிகளுக்குத் தன் ஒதுக்கீட்டைப் பதிந்தது, அதாவது நம் அரசியலமைப்புக்கும் சட்டங்களுக்கும் கொள்கைகளுக்கும் ஒத்துப்போகும் அளவுக்கு மட்டுமே அவற்றுக்குக் கட்டுப்படுவோம் என்றது. 1999இலும் 2010இலும் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகும் ஐந்து எஞ்சி நிற்கின்றன; அவற்றில் 7ஆம் விதியும் ஒன்று, பாகுபாடு கூடாது என்னும் 2ஆம் விதியும் ஒன்று. அத்துடன், நம் நாட்டில் ஓர் அனைத்துலக ஒப்பந்தம் நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் வழியாக வந்தால்தான் நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லுபடியாகும். 2001ஆம் ஆண்டின் குழந்தைச் சட்டம் அப்படி வந்ததுதான் என்றாலும், குடியுரிமையை அது தொடவில்லை.

ஜெனீவாவில் இருக்கும் குழந்தை உரிமைக் குழு தனிமனிதர் முறையீட்டைக் கேட்பதற்கென்று ஒரு கூடுதல் நெறிமுறை 2014 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியா 2012இல் வேறு இரண்டு நெறிமுறைகளில் சேர்ந்தது. ஒன்று ஆயுத மோதலில் குழந்தைகளை ஈடுபடுத்துவது பற்றியது, மற்றது குழந்தை விற்பனையும் பாலியல் சுரண்டலும் பற்றியது. முறையீட்டு நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே நீங்கள் அனுப்பும் கடிதத்தை வழக்காக எடுத்துத் தீர்ப்பளிக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அஞ்சல் செலவோடு நம்பிக்கையும் வீணாகக் கூடாது என்பதால் இதைத் தெளிவாகவே சொல்கிறேன்.

அப்படியானால் ஒப்பந்தத்தால் என்ன பயன் என்று மனம் சோர்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் உங்கள் கோப்பை நகர்த்தாது. கோப்பை எடைபோடும் விதியை நகர்த்தும், அதுவும் மெதுவாக. சேர்ந்த ஒவ்வொரு நாடும் தன் நிலையைக் காலந்தோறும் அந்தக் குழுவுக்கு அறிக்கையாகத் தர வேண்டும்; அரசாங்கத்தின் அறிக்கையோடு மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் பொது அமைப்புகளும் தரும் அறிக்கைகளும் அங்கே வைக்கப்படுகின்றன. எல்லா நாடுகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் மனித உரிமை மீளாய்வில் மலேசியா 2009 முதல் நான்கு முறை உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறது, கடைசியாக 2024 ஜனவரியில். இவற்றால் என்ன நடந்துவிடும் என்பவர்களுக்கு நான் வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாரின் கதையைச் சொல்வேன். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தந்தை தன் குடியுரிமையைத் தரலாம், மலேசியத் தாய் அதே போலத் தானாகத் தர முடியாது என்பது நம் சட்டமாக இருந்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் இதற்கு நேராக உள்ள விதிக்கும் மலேசியா ஒதுக்கீடு வைத்திருந்தது. ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் என்னும் அமைப்பும் சில தாய்மாரும் வழக்குத் தொடுத்து, 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தில் வென்று, 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் தோற்றார்கள். இத்தனை ஆண்டுகளாக அனைத்துலக மன்றங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வியும் உள்நாட்டில் அந்தத் தாய்மார் விடாமல் நின்றதும் சேர்ந்து, 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையை அரசியலமைப்பையே திருத்த வைத்தன.

அந்தத் திருத்தம் உங்கள் பேரனுக்கு நேரடியாக உதவாது, அவன் பிறந்தது இங்கே, மலேசியர் அவன் தந்தை. ஆனால் அதே திருத்தத்தின் இன்னொரு பகுதி உங்களுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிள்ளையாக விண்ணப்பிப்பதற்கான வயது வரம்பை அது 21இலிருந்து 18க்குக் குறைக்கிறது. குழந்தை உரிமைக்காகப் பேசும் எங்களில் பலர் அந்தப் பகுதியை எதிர்த்தோம். காரணம், கோப்புகள் திரும்பி வருவதும் மீண்டும் போவதுமாகவே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பேரனுக்கு ஒன்பது வயது என்பதால் காலம் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தை ‘இன்னும் சின்னப் பிள்ளைதானே’ என்று எண்ணிக் கழித்துவிடக் கூடாது.

அவனுக்கு உரிய வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவு. சிறப்பான சூழ்நிலை என்று தான் கருதும் நேரத்தில் வயது வரம்புக்கு உட்பட்ட எவரையும் குடிமகனாகப் பதிவு செய்ய அது கூட்டரசு அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. விண்ணப்பம் தேசியப் பதிவிலாகாவில் தொடங்கி உள்துறை அமைச்சு வரை போகும். ‘கருதும் நேரத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது கேட்டுப் பெறும் வழி, உரிமையாக எடுத்துக்கொள்ளும் வழி அல்ல. எனவே கோப்பில் என்ன இருக்கிறது என்பதே எல்லாம். பிறந்தது முதல் இன்றுவரை அவன் இங்கேதான், உங்களோடுதான், இந்தச் சமூகத்துக்குள்தான் வளர்ந்தான் என்பதைத் தாள்கள் சொல்ல வேண்டும்: தடுப்பூசிப் புத்தகம், பாலர் பள்ளிக் கடிதம், தமிழ்ப்பள்ளியின் ஆண்டறிக்கைகள், தலைமையாசிரியர் எழுதித் தரும் உறுதிக் கடிதம், மருத்துவமனை ரசீதுகள் (வெளிநாட்டவர் கட்டணம் போட்ட அந்த ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுவும் அவன் இங்கே நோயுற்று இங்கே குணமானான் என்பதற்குச் சாட்சி), உங்கள் வீட்டுப் படங்கள்கூட. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் ஆதரவுக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். நம் ஆட்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் அவர்களுடைய சேவை மையங்கள் இருப்பதே இதற்காகத்தான்.

இந்த விண்ணப்பத்தைப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தர முடியும். நீங்கள் ஒன்பது ஆண்டுகளாக அவனை வளர்த்தவர், ஆனாலும் சட்டத்தில் காப்பாளர் அல்ல. இங்கேதான் உங்கள் மகன் வர வேண்டியிருக்கிறது. அவர் எழுந்து போவதைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருந்தாலும், கடிதத்தின் பாரம் முழுவதும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் கல்நெஞ்சர் என்று நான் முடிவு செய்யவில்லை. புதிய மனைவிக்குத் தெரிந்துவிடுமோ, பதிவிலாகாவில் தன்னைக் குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் இப்படி விலகி நிற்கும் தந்தையரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே மறைக்க எதுவும் மிச்சமில்லை. மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தையின் பெயரை எழுத, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பது பதிவுச் சட்டம். அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முகப்பில் நின்று ‘இவன் என் பிள்ளை’ என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். இப்போது கேட்பது அதை இன்னொரு முறை சொல்லும்படிதான். மரபணுச் சோதனை கேட்டால் அதற்கும் அவர் உடன்பட வேண்டும். தொடர்ந்து வர அவரால் இயலாது என்றால், உங்களைக் காப்பாளராக நியமிக்கச் சம்மதம் தெரிவித்து ஒரு சத்தியப் பிரமாணத்தில் கையொப்பமிடட்டும். அதை வைத்து 1961ஆம் ஆண்டின் குழந்தைக் காப்பாளர் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் ஆணை பெற்று, நீங்களே விண்ணப்பத்தை நடத்தலாம். வருமானத் தகுதி இருந்தால் அரசாங்கச் சட்ட உதவித் துறையோ வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையமோ இதைச் செய்து தரும். நாடற்ற நிலையிலுள்ள இந்தியர்களின் கோப்புகளை நீண்ட காலமாகக் கையாளும் மலேசிய டிஹெச்ஆர்ஆர்ஏ அமைப்பையும் அணுகலாம்; கட்டணம் கேட்கும் ஏஜெண்டு யாரும் இவர்கள் அறியாத ரகசியம் எதையும் அறிந்தவர் அல்லர்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒன்று எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது: பத்திரத்தில் உள்ள அந்தக் கடப்பிதழ் எண். தாயின் பெயர் மட்டும் இருந்து எண் இல்லாத கோப்புகளில் நாங்கள் ஆண்டுக்கணக்கில் இருட்டில் தடவியிருக்கிறோம். அந்த எண்ணோடு ஜார்ஜ் டவுன் பர்மா சாலையிலுள்ள இந்தோனேசியத் துணைத் தூதரகத்துக்கு எழுத்துமூலமாக விண்ணப்பியுங்கள். தாயைத் தொடர்புகொள்ள உதவ முடியுமா, பிள்ளையை அந்த நாட்டில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அவர் கிடைத்து, பிள்ளை மலேசியக் குடிமகனாவதற்கும் நீங்கள் காப்பாளராவதற்கும் தடையில்லை என்று ஒரு கடிதம் தந்தால், கோப்பின் பலம் பல மடங்காகும். மணமாகாத தாயே சட்டப்படி பிள்ளையின் முதல் காப்பாளர் என்பதால் இந்தக் கேள்வி எப்படியும் எழும். ஜெனீவாவில் நடக்கும் மாநாட்டைவிட, இரண்டு நாடுகளின் இரண்டு முகப்புகள் ஒரு பிள்ளைக்காக ஒருவருக்கொருவர் பதில் எழுதுவதைத்தான் நான் அனைத்துலக ஒத்துழைப்பு என்று நடைமுறையில் காண்கிறேன். ஒரு கவனம்: தூதரகத்தில் பிள்ளைக்கு உடனே கடப்பிதழ் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லக்கூடும். வழக்கறிஞரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அதை எடுத்த நாள் முதல் அவன் இங்கே விசா இல்லாமல் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பயணியாகப் பார்க்கப்படும் அபாயம் உண்டு.

பள்ளி விஷயத்தில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்து, பிறப்புப் பத்திரமோ நீதிமன்ற ஆணையோ இருந்தால், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையும் அரசாங்கப் பள்ளியில் சேரலாம் என்று கல்வி அமைச்சு 2019இல் நடைமுறையைத் தளர்த்தியது. இன்னொரு சட்டக் காரணத்தையும் தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லலாம். 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயத் தொடக்கக் கல்வி விதி, மலேசியக் குடிமகனான பெற்றோர் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது, தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. அந்தக் கடமை பெற்றோரின் குடியுரிமையைப் பார்த்து வருகிறது, பிள்ளையின் குடியுரிமையைப் பார்த்து அல்ல. பிள்ளையை அனுப்பாவிட்டால் தண்டிக்கும் சட்டம், அனுப்பினால் கடப்பிதழ் கேட்பது பொருந்தாது. அடுத்த முறை கேட்கும்போது எழுத்தில் கேட்கும்படி சொல்லி, அந்தக் கடிதத்துடன் தென் செபராங் பிறை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

மருத்துவமனைக் கட்டணத்துக்கு இவ்வளவு தெளிவான விடை என்னிடம் இல்லை. வெளிநாட்டவர் கட்டண ஆணை பிள்ளையின் பத்திரத்தைத்தான் பார்க்கிறது. அடுத்த முறை தந்தையின் அடையாள அட்டை நகலையும், விண்ணப்பம் கொடுத்த பிறகு பதிவிலாகா தரும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் முதலிலேயே பேசுங்கள். கட்டணத்தைத் தவணையாக்கவோ குறைக்கவோ அங்கே கேட்கலாம். எக்காரணத்துக்காகவும் பணத்துக்கு அஞ்சி, காய்ச்சலோடு அவனை வீட்டில் வைத்திருக்காதீர்கள். வேறு ஏதேனும் துன்பம் நேர்ந்தால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழைக்கலாம். குழந்தைச் சட்டத்தின் முகவுரையே, இனம், நிறம், மொழி, சமயம், சமூகப் பிறப்பு, ‘வேறெந்த நிலை’ என எதையும் பாராமல் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது. அந்த ‘வேறெந்த நிலை’யில் உங்கள் பேரனின் நிலையும் அடங்கும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கடிதம் பெரும்பாலும் ஓரிரு வரியில், காரணம் சொல்லாமல் வரும். அந்தக் கடிதத்தின் மேல் அது கிடைத்த தேதியை உடனே எழுதுங்கள். நீதிமன்ற மறுஆய்வு கோர மூன்று மாதம்தான் அவகாசம். அழுதும் ஆலோசித்தும் நான்காவது மாதத்தில் என்னிடம் வந்தவர்களுக்கு மீண்டும் விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழி காட்ட இயலவில்லை. அதே நேரத்தில் சுஹாகாமில் குழந்தைகளுக்கென 2019 முதல் இருக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும் முழு விவரத்தையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தி உங்களை அனுப்ப நினைத்த ஜெனீவாவுக்குப் போகும் நிஜமான பாதை அதுதான். சுஹாகாமும் பொது அமைப்புகளும் அங்கே வைக்கும் அறிக்கைகள் இப்படிப்பட்ட கடிதங்களால்தான் எழுதப்படுகின்றன, தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை வெளிநாட்டவனாகும் அந்த 17ஆம் பிரிவை ஒரு நாள் நாடாளுமன்றம் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டுமானால், உங்களைப் போன்ற எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது அதற்கு முன்பே எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒன்பது வயதில் அவன் கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வயதில் வகுப்பு முழுவதும் மைகாட் எடுக்கப் போகும்போது, நீங்கள் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். எனவே இப்போதே உண்மையைச் சொல்லுங்கள். அவன் பினாங்கில் பிறந்தவன், அப்பா மலேசியர், அம்மா மேடானைச் சேர்ந்த தமிழ்ப் பெண், அவனுடைய தாள் இன்னும் முடியவில்லை, பாட்டி அதற்காக அலைகிறாள் என்று சொன்னால் போதும். அம்மாவைத் தேடிக் கடிதம் எழுதப் போவதையும் சொல்லுங்கள். 7ஆம் விதியில் ‘பெற்றோரை அறியும் உரிமை’ என்று எழுதியிருப்பதை நான் குடியுரிமையைவிடக் குறைந்ததாக நினைக்கவில்லை.

தீபாவளிக்கு மகன் வருவாரானால், பண்டிகை நாளில் இதைப் பேசி வீட்டைக் கலக்க வேண்டாம். இரண்டு வேலைநாள் முன்னதாகவே வரச் சொல்லுங்கள். முதல் நாள் காலையில் இருவரும் பேரனின் மூலப் பத்திரத்தோடும், மகனின் மைகாட்டோடும், அவருடைய இப்போதைய திருமணச் சான்றிதழோடும் பதிவிலாகாவுக்குப் போய் 15ஏ விண்ணப்பத்துக்கான படிவத்தையும் ஆவணப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் நாள் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் அவர் கையொப்பமிடட்டும். துணைத் தூதரகத்துக்கான கடிதத்துக்கு மகன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை இந்த வாரமே எழுதி, பதிவஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பேரனின் தடுப்பூசிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.